மிதி, புடி, வுடு

நாலு நாளாய்ப் பேச்சில்லை.
இன்று ராத்திரி பத்தரைக்கு
சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்,
சாவியைத் தரையில் வைத்தார், போனார்.
பிரேக்கில் காற்று எடுக்க வேண்டும்.
மிதிக்க ஒரு கால், நிப்பிள் திருக ஒரு கை.
இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் ஆகாது.

ஏறி உட்கார்ந்தேன்.
பள்ளிகொண்டாவின் பகல் முழுக்க
சீட்டு ரெக்சினில் மிச்சம் இருந்தது.
எங்கள் கல்யாணத்துக்கு முன்பே நின்றுபோன மீட்டர்.
டீசல் ஆழம் பார்க்க ஒரு மூங்கில் குச்சி.
கண்ணாடி கீழே இறங்கிவிடாமல்
மடித்துச் செருகிய மார்க்கெட் சீட்டு.
இந்த 207-ஐ நான் ஒரு அடி ஓட்டியதில்லை.
என் வலது கால் மட்டும்
இதில் பல இரவு வேலை பார்த்திருக்கிறது.

பின்பக்க இடது சக்கரம் சுவரோரம் சாய்ந்திருக்க
அது இருந்த இடத்தில் அவருடைய முழங்கால்கள்.
ஜாக்கியை நம்பாமல் முட்டுக்கொடுத்தது
என்னைக் கேட்காமல் எடுத்துப்போன அம்மிக்கல்.

"மிதி" என்றது வண்டியின் அடி.
"மிதி. மிதி. புடி."
பிடித்தேன்.
அங்கே ஸ்பேனர் அரைச்சுற்று திரும்ப
இங்கே என் பாதத்தின் கீழ் பெடல்
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
தூங்கித் தோளில் சாய்வதுபோல இறங்கியது.
பாட்டிலுக்குள் களக் களக்.
"வுடு."

அவர் மூடுவதற்குள் நான் காலை எடுத்தால்
போன காற்று அத்தனையும் திரும்பி வரும்.
அரை நொடி விவகாரம்.
அவருக்கும் தெரியும்.
தெரிந்துதான் சாவியை வைத்துவிட்டுப் போனார்.

போன வாரம் டோல்கேட் வரிசையில்
பெடல் அடிவரை போய்விட்டதாம்.
முன்னால் நின்றது காலேஜ் பஸ்ஸாம்.
கியரை இழுத்து, ஹேண்ட்பிரேக்கைப் பிடுங்கி
ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினாராம்.
பதினாறு மூட்டை முள்ளுக்கத்தரியில்
ஒன்றுதான் உருண்டதாம்.
சொன்னது என் தம்பி தணிகைவேல்,
மூன்று நாள் கழித்து,
என் கையால் பரோட்டா தின்றுகொண்டே.
இவர் அன்றைக்கு வீட்டில் சொன்னது:
"வெல இன்னைக்குக் கொஞ்சம் கம்மி."

வீல் சிலிண்டர் கிட் இருநூறு ரூபாய்கூட இல்லை.
கசிகிறதென்று சித்திரையிலேயே தெரியும்.
பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு
கறைபட்ட டயரைக் கழுவியபோது
நானும் பார்த்தேன். நானும் கேட்கவில்லை.
அதையும் சேர்த்துத்தான் மிதிக்கிறேன்.

"மிதி. மிதி. புடி."
இரண்டாம் சக்கரத்தில் கொஞ்சம் கெட்டித்தது.
மூன்றாவதில் மறுபடி பஞ்சு.
கீழே அவர் ஸ்பேனரைத் திட்டினார்,
நிப்பிளைத் திட்டினார்,
டாடா கம்பெனியைத் திட்டினார்.
நான் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினேன்.
டப்பாவில் எண்ணெய் அடிமட்டம்.

"இன்னா பண்ற?"

கணக்கில் இல்லாத வார்த்தை அது.
பதில் சொல்லாமல் ஊற்றினேன்.
ஒரு சொட்டு பெயிண்டில் விழுந்தது,
பெயிண்டைத் தின்னும் எண்ணெய்;
நைட்டி நுனியை நனைத்துத் துடைத்தேன்.
மூன்றாவதை முதலிலிருந்து ஆரம்பித்தோம்.
ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.
ஒவ்வொன்றையும் யாரோ ஒருத்தர்
சரியான நேரத்தில் நிறுத்தப்போகிறார் என்று
முதல்முறையாக நினைத்துப்பார்த்தேன்.

பன்னிரண்டே கால்.
நாலாவது நிப்பிளும் மூடியாயிற்று.
பெடல் பாதி வழியிலேயே நின்றது.
ஊன்றிப் பார்த்தேன். அசையவில்லை.

"கல்லாட்டம் கீதா?"

"கீது."

வெளியே வந்தார், முதுகெல்லாம் மண்.
டீ நிறத்தில் கலங்கிய பழைய எண்ணெயை
கூல்டிரிங்ஸ் பாட்டிலோடு தூக்கிக்கொண்டு
மாடிப்படிக்குக் கீழே போனார்.
நாலு நாளில் முதல் முழு வாக்கியம்
என் வாயிலிருந்து வந்தது:
"அதைப் புள்ள கைக்கு எட்டுற எடத்துல வச்சே,
அப்பால இருக்குது உனுக்கு."

வைத்த இடத்திலிருந்து எடுத்தார்.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
பாட்டிலோடு நின்றார்.
நான் அம்மிக்கல்லைக் கேட்டேன்.