இறக்கி வைக்கும் இடம்

சம்பங்கியின் கிணற்றுத் தண்ணீர்
பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.
வெயிலில் தூக்கிப் பிடித்தால்
பிறந்தநாள் வீட்டு ரஸ்னா.

ஐந்து லிட்டர் கேனை மடியில் வைத்து
பாலாற்றுப் பாலம் கடந்து வேலூர் வந்தேன்.
பெட்ரோலா, என்றார் கண்டக்டர்.
குரோமியம், என்றேன்.
லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

பாக்டீரியாவுக்கும் அதே ஊர்தான்.
தோல் ஷெட்டுக்குப் பின்னால்
நாய்கூடப் படுக்காத கசடில்
குடித்தனம் நடத்திக்கொண்டிருந்ததை
ஒரு ஸ்பூன் சேற்றோடு கூட்டிவந்தேன்.
பேசில்லஸ்.
குலம் தெரியும், பெயர் இன்னும் தெரியாது.
பதிவேட்டில்: ரா.பே. 17.

ஊட்டினேன்.
முப்பத்தேழு டிகிரியில் ஆட்டினேன்.
கரண்ட் போய் ஷேக்கர் நின்ற ராத்திரிகளில்
குடுவையைக் கையில் எடுத்து
காட்பாடிப் பக்கம் ரயில் கூவும்வரை
ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பிறகு கொன்றேன்.

அதுதான் முறை.
பதினைந்து பவுண்டு ஆவி, கால்மணி நேரம்.
உயிரோடிருப்பது சாப்பாடு கேட்கும்,
உள்ளே வந்த விஷத்தை
வாசலுக்குத் தள்ளும்,
முடியாத நாளில் செத்தும் தொலைக்கும்.
செத்ததற்கு அந்தச் சள்ளையெல்லாம் இல்லை.
செல்சுவர் முழுக்க விரித்த கை.
வருவதைப் பிடிக்கும்.
லேசில் விடாது.
ஆய்வேட்டில் இதையே
வேறு சொற்களில் எழுதியிருக்கிறேன்.

உலர்த்தி, கல்வத்தில் பொடித்து,
கடற்பாசிக் கூழில் குழைத்து
சொட்டுச் சொட்டாய் விட்டால்
பாயசத்துக்குப் போடலாம் போல ஜவ்வரிசி மணிகள்.
கண்ணாடிக் குழாயில் அடைத்தேன்.
மேலே கொஞ்சம் அமிலம் சேர்த்த சம்பங்கி மஞ்சள்.
கீழே
நிறமே இல்லாத ஒரு சொட்டு.
இன்னொரு சொட்டு.

மருந்து விட்டுப் பார்க்க வேண்டும்:
குரோமியம் இருந்தால் ஊதா.
முதல் சோதனைக் குழாயில் இல்லை.
இரண்டில் இல்லை. ஆறில் இல்லை.
பதினொன்றில்
கத்தரிப்பூவை நனைத்துப் பிழிந்த மாதிரி லேசாக.
மணிகளுக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அமிலம் முறித்து, தெளிந்ததில் ஒரு பாட்டில்
திருப்பி எடுத்துப் போனேன்.
சம்பங்கி மோட்டார் ரூம் நிழலில் நின்று
மூடி திறந்து முகர்ந்தார்.
குடிக்கவில்லை.
நானும் குடிக்கச் சொல்லவில்லை.

"இதுல இருந்தது எங்கம்மா போச்சி?"

டப்பாவைத் திறந்து காட்டினேன்.
வெள்ளையாய்ப் போன மணிகள்
பாசி பிடித்த பச்சையில் கிடந்தன.

"ஓ. இதுல கீதா."
ஒன்றை நகத்தால் உருட்டப் போனவர்
கையை இழுத்துக்கொண்டார்.
"சரி. இத்த எங்க இறக்கி வைக்கப் போற?"

அமிலத்தில் கழுவலாம், உலோகம் திரும்பக் கிடைக்கும்,
மணியை மறுபடி பயன்படுத்தலாம்,
தொழிற்சாலையே வாங்கிக்கொள்ளலாம், என்றேன்.
லாம் லாம் என்று
என் காதிலேயே விழுந்தது.
அவர் மறுக்கவில்லை.
காம்பவுண்டுக்கு அப்பால்
தார்ப்பாய் கிழிந்த அந்த மேட்டை மட்டும்
ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.
அதையும் யாரோ ஒருநாள்
தற்காலிகமாகத்தான் இறக்கி வைத்திருப்பார்கள்.

திரும்பும் பஸ்ஸில்
டப்பா சின்னது, டிக்கெட் கேட்கவில்லை.

கிணற்றில் இன்னும் எண்பதாயிரம் லிட்டர்.
என் குழாய் நாளைக்கு இரண்டு லிட்டர்.
வகுத்துப் பார்க்க மாட்டேன்.

ஆய்வக அலமாரியில் இப்போது
நாற்பத்து மூன்று டப்பா,
தேதி எழுதி, சிவப்பு டேப் ஒட்டி.
குப்பையில் போட விதியில்லை.
எடுத்துப்போக ஆளில்லை.
உள்ளே ரா.பே. 17
பிடித்தது பிடித்தபடி.

கரண்ட் போனால்
வெறுங்கை
இன்னமும் தானாக ஆடுகிறது.