மழை நிறுத்தம்

ரூவான் துறைமுகத்தில்
தூறல் விழுந்தால் சரக்கு ஏற்றக் கூடாது.
கப்பலின் வாய்களை மூடிவிட்டோம்.
கோதுமை பாதி உள்ளே,
மீதி சைலோவில்.

ஈரம் ஒரு புள்ளி ஏறினாலும்
அல்ஜியர்ஸ் திருப்பி அனுப்பிவிடும்.
மாதிரிக் குவளையை முகர்ந்து பார்க்கிறாள் வஸீலா.
மழை பொய்த்த ஊருக்குப் போவது
மழைக்குப் பயந்து நிற்கிறது.

கைப்பேசியில், செத்தீஃபிலிருந்து அவள் தம்பி:
ஆய்வு வயலில் நாற்பத்தோரு நாளாக ஒரு துளி இல்லை.
மற்றதெல்லாம் கருகிவிட்டது,
ஏழாம் பாத்தி மட்டும் கதிர் பிடித்திருக்கிறது.
"எத்தனை?"
எண்ணப் போய்விட்டான்.

சேன் ஆற்றில் மழை
கேட்பாரற்று விழுகிறது.
கப்பல் ஏஜென்ட் வந்து
தாமதத்துக்கு மணிக்கணக்கில் யூரோ சொல்கிறான்.
வஸீலா உள்ளங்கையைக் காட்டி
அவனை நிறுத்துகிறாள்.

அங்கே இன்னும்
எண்ணி முடியவில்லை.