ஏழாவது வயர்

மிசௌரியில் ஏரி இன்னும் உறையவில்லை.
கொட்டகையில், டிரெய்லர் மேல்,
தோட்டக் குழாயில் தண்ணீர் குடித்தபடி
ஐந்நூறு குதிரைத்திறன்
டிக் டிக் என்கிறது.

நீள ஸ்க்ரூடிரைவரை வால்வு மூடியில் ஊன்றி
பிடியில் காதை வைக்கிறாள் ரோண்டா டெஸ்கி.
லிஃப்டர் இல்லை. ஆயில் அழுத்தமும் சரி.
வேகம் கூட்டினால் கூடவே ஏறுகிறது,
வட்டி மாதிரி.

டுவைட் மனசுக்குள் படகை விற்றாயிற்று.
டிரெய்லரையும்.
மார்லாவிடம் என்ன விலை சொல்வதென்று
பொய்கூடத் தயார்.

"விளக்கை அணை."

இருட்டில்
ஏழாவது பிளக் வயரிலிருந்து மேனிஃபோல்டுக்கு
நீலமாய் ஒரு பொடி தாவியது.
டிக்.
மறுபடி, டிக்.

"பன்னிரண்டு டாலர்" என்றாள்,
இன்ஜினை நிறுத்தப் போனாள்.

"இரு" என்றான்.
கை சுவிட்சில்தான் இருந்தது.
இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும்போல இருந்தது
அவனுக்கு.