இரண்டு வருஷமாய் ஒன்றும் வரவில்லை

மின்வேலி வந்த பிறகு
'கூழாமுறிப்பு யானைக் காவல்' பேசுவதில்லை.
உள்ளே அறுபத்துமூன்று பேர்.
கடைசியாய் வந்தது ஒரு ரோசாப்பூப் படம்,
பொங்கலுக்குச் சவரிமுத்து போட்டது.
நாற்பத்தெட்டுப் பேர் பார்த்தார்கள். பதில் இல்லை.

கலைத்துவிடு என்றது கமக்காரர் அமைப்பு.
நான் செயலாளர். அட்மினும் நான்தான்.
ஐந்து நிமிஷ வேலை என்றார் பேரின்பநாதன்.

ஐந்து நிமிஷமில்லை.
இந்தக் கதவுக்கு வெளிப்பூட்டுக் கிடையாது.
இருப்பவர்களை ஒவ்வொருவராய்க்
கையைப் பிடித்து வெளியே விடவேண்டும்,
மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க.

சவரிமுத்துவை எடுத்தேன்.
என் தேத்தண்ணி ஆறவில்லை,
மோட்டார் சைக்கிள் படலையில் நின்றது.
"பிள்ளை, நான் என்ன பிழை விட்டனான்?
அந்தப் பூவுக்கோ?"
எல்லாரையும்தான் எடுக்கப்போறன் அண்ணை.
"அப்ப ஏன் என்னில தொடங்கினனீ?"
பதில் இருக்கவில்லை.
இன்னும் இல்லை.

அடுத்தது தயாநிதி.
பெயரைத் தொட்ட விரல் அங்கேயே நின்றது.
மாசி மாதம், விடிய மூன்றேகாலுக்கு
ஏழு செக்கன் குரல்பதிவு.
அன்றைக்கு என் போன் சார்ஜில் கிடந்தது.
செத்தவீட்டுக்குப் பிறகு கேட்கப் பயம்.
நாய்கள் குரைக்கிறது மட்டும்தான் என்றாள் கோகிலவாணி.
அவருக்குப் பிறகுதான் வேலி வந்தது.
அந்த நம்பருக்கு அவள் இன்னும்
மாதம் நூறு ரூபா ரீலோட் போடுகிறாள்.
ஏன் என்று கேட்பது
செயலாளரின் கடமைகளில் இல்லை.

பிறகு, குழுவைத் தொடங்கிய நகுலேஸ்வரன்.
கட்டாருக்குப் போகமுதல்
வவுனியா பஸ் நிலையத்தில்
சிம்மோடு போனை விற்றுவிட்டுப் போனவன்.
இப்போது அந்த நம்பரில் யாரோ ஒரு கெப்பித்திகொல்லாவக்காரர்.
படத்தில் பாதி முகம், முழு லாண்ட்மாஸ்டர்.
தமிழ் தெரியாது. வெளியேறவுமில்லை.
தயாநிதியின் மரண அறிவித்தலுக்கு
ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டி
ஊர் முழுவதிடமும் ஏச்சு வாங்கினார்,
விளங்காத பாஷையில்.
அவரை நீக்கப் பார்த்தேன்.
தொடங்கியவரை நீக்க விடாதாம் போன்.

மூன்று நாள் அப்படியே விட்டேன்.

வயலுக்குப் போகும்போது வேலியின் கம்பியைப் பார்த்தேன்.
அதுவும் ஒன்றும் சொல்வதில்லை.
ஒன்றும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை என்று
இந்த அறுபத்துமூன்று பேரும்
இரண்டு வருஷமாய் இரவிரவாய்
எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்களோ,
சத்தம் போடாமல்.
கூப்பிடாத இரவுக்குக்
காவல்காரனின் சம்பளத்தை வெட்டலாமா?
கூட்டத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.
அறிக்கையில் 'நடவடிக்கை எடுக்கப்படுகிறது' என்று எழுதினேன்.

நேற்றிரவு ஒன்று நாற்பதுக்குப் போன் அதிர்ந்தது.
நகுலேஸ்வரன் என்று பெயர் விழுந்தது.
ஒரு கறுப்புப் படம்; தென்னையோ, சுவரோ.
கீழே சிங்களத்தில் இரண்டு எழுத்து.
எனக்கு அந்தப் பாஷை வாசிக்க வராது.
இந்தச் சொல்லை மட்டும் தெரியும்;
எங்கள் மின்வேலிப் பலகையில் இருக்கிறது.

பேரின்பநாதன் எழுதுகிறார் என்று காட்டியது.
நின்றது. திரும்பக் காட்டியது.
"டோர்ச் அடியாதேங்கோ. வெடி இருக்கோ?"
"நாயை அவிட்டு விடாதேங்கோ."
"குட்டி நிண்டா கிட்டப் போகாதேங்கோ."
எல்லாம் தமிழில். ஆருக்கு விளங்கப்போகிறது.

பிறகு, தயாநிதியின் நம்பரிலிருந்து:
"வீட்டுக்குள்ள இருங்கோ தம்பி.
வெளியில இறங்காதேங்கோ."

கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை.
நான் சவரிமுத்துவைத் திரும்பச் சேர்த்தேன்.
முழித்துத்தான் இருந்தார்.

ஐந்து பத்துக்கு
ஒரு பெருவிரல் வந்தது.