வாக்குச்சாவடி அலுவலர் எண் இரண்டு

மை வைப்பது என் வேலை.
பண்ருட்டிக்கு மேற்கே, முந்திரிக் காட்டை ஒட்டி
ஓர் ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டாம் வகுப்பு அறை.
கரும்பலகையில் யாரோ அழிக்க மறந்த
ஏழாம் வாய்ப்பாடு
ஏழாறு வரை வந்து நிற்கிறது.

டீ குடித்த காகிதக் கோப்பையில் மணல் அள்ளி
மைக் குப்பியை நட்டு வைத்தேன், கவிழாதிருக்க.
ஐந்தரைக்கு மாதிரி வாக்கு.
முகவர்கள் நால்வர் ஐம்பது தடவை அழுத்தி, எண்ணி, அழித்து,
கொட்டாவியோடு கையெழுத்திட்டார்கள்.
ஏழுக்குக் கதவு திறந்தது.

அதன்பின் விரல்கள்தான். முகங்கள் மனதில் தங்கவில்லை.
சுண்ணாம்பு ஒட்டிய விரல்.
பலாப்பிசின் போகத் தேய்த்த எண்ணெய்
இன்னும் மினுங்கும் விரல்.
"கூச்சமா இருக்கு சார்" என்று பின்வாங்கிய
பதினெட்டு வயது விரல்.

பதினொன்றேகால் இருக்கும்.
முதல் அலுவலர் உரக்கப் படித்தார்:
நானூற்றுப் பன்னிரண்டு, கொளஞ்சி,
கணவர் பெயர் பாவாடை.
இடது கையை நீட்டினாள்.

மை வைக்க இடமில்லை.

நகத்திலிருந்து இரண்டாம் கணு வரை கறுப்பு.
தோல் உரிந்து, உரிந்த இடமும் கறுத்து,
முந்திரித்தோட்டு எண்ணெய் தின்ற சுட்டுவிரல்.
உடைக்கும்போது கொட்டையைப் பிடிப்பது அதுதான்.
சாம்பல் தொட்டுக்கொண்டாலும் எண்ணெய் விடுவதில்லை.

குச்சியை மையில் தோய்த்தபடி விழித்தேன்.
சுட்டுவிரல் இல்லாதவருக்கு விதியில் வழி உண்டு:
அடுத்த விரல், அதற்கும் அடுத்த விரல்,
இடது கையே இல்லையென்றால் வலது கை.
விரலிருந்தும் இடமில்லாதவருக்கு
கையேட்டில் ஒரு வரி இல்லை.

"வைங்க சார். கறுப்பு மேல கறுப்பு.
ஊருக்குத் தெரியாட்டி என்ன, எனக்குத் தெரியுமில்ல."

வரிசையில் பின்னால் நின்றவள் கிண்டினாள்:
"கிலோவுக்குக் கூலி வாங்கறவ நீ.
வந்து போற நேரத்துல நாலு கிலோ போச்சு.
போன தடவ போட்டு என்னத்தக் கண்ட?"

"ஒண்ணும் காணல" என்றாள் கொளஞ்சி, திரும்பாமல்.
"ரேஷன் கடை மிஷின்ல எங் கைரேகை விழல.
மூணு மாசமா நீ நீ இல்லேங்குது அது.
இங்க ஒருத்தர் பேரச் சொல்லிக் கூப்புடறாரு,
நாலு பேரு ஆமா அவதான்னு தலையாட்டறாங்க.
நாளைக்கு அரிசி கேட்டு எவன் வாசல்ல நின்னாலும்
நீ யாருடின்னு அவன் கேக்கக் கூடாது.
கேட்டா, இந்த நோட்டுல இருக்கேன்."

கைநாட்டு மையை நகர்த்தினேன். வேண்டாமென்று
பேனா கேட்டாள்.
கொம்பு போட்டு, கால் போட்டு, கடைசியில் சுழியை நீட்டி
அவள் எழுதி முடிக்கும்வரை
வரிசை காத்திருந்தது. ஒருவரும் முனகவில்லை.

ஆறுக்கு வாசல் சாத்தி, கணக்கு எழுதினோம்.
மொத்தம் ஆயிரத்து நாற்பத்து மூன்று.
வாக்களித்தவர் எழுநூற்று எண்பத்தொன்று.
மீதி இருநூற்று அறுபத்திரண்டு பேரில்
திருப்பூரில் இருப்பவர் உண்டு, இறந்தும் நீங்காதவர் உண்டு,
பள்ளிக்கு எதிர்வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு
நாள் முழுக்க எங்களுக்குக் கேட்கக் கத்தியவரும் உண்டு.
அவரை மனசுக்குள் திட்டினேன்.
திட்டிய வாய் அப்படியே நின்றது.

மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மேசை இழுப்பறையில்,
கேஸ் ரசீதுகளுக்கு அடியில்,
பயிற்சி வகுப்பில் தந்த தபால் வாக்கு விண்ணப்பம்
பெயர்கூட எழுதாமல் கிடக்கிறது.
நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.
ஒரு வாக்கில் என்ன என்றும் சொல்லிக்கொண்டேன்,
சத்தமில்லாமல்.

நள்ளிரவுக்கு மேல் கடலூர் பேருந்து நிலையம்.
டீக்கடைக்காரர் கிளாசை நீட்டுகையில்
குப்பி கசிந்து நீலமேறிய என் கட்டைவிரலைப் பார்த்தார்.
"சார் ஓட்டுப் போட்டாச்சு போல?"
நான் தலையாட்டினேன்.

அந்தக் கறை போக ஆறு வாரம் ஆனது.
நகம் வெட்டும்போதெல்லாம் கொஞ்சம் குறைந்தது.
கொளஞ்சி விரலில் அது என்றைக்குப் போனதென்று
அவளுக்கே தெரிந்திருக்காது.
விண்ணப்பத்தின் கடைசித் தேதி மட்டும்
எனக்கு இன்னும் மனப்பாடம்.