நிகர எடை

பாகாவ் சாலையில், மில் புகை திரும்பும் வளைவில்
எடைப்பாலத்துக்கு நான் கிராணி.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஏறும்: முப்பத்திரண்டு டன்.
கொட்டிவிட்டு வரும்: பன்னிரண்டு.
கழித்தால் குலை.
வெள்ளைத் தாள் ஆபீசுக்கு, ரோஸ் டிரைவருக்கு,
மஞ்சள் எனக்கு.
மஞ்சளின் முதுகில்தான்
பதினோரு வருடமாக எழுதுகிறேன்.

மன்றத்துச் செயலாளர் திருமாறன் போன் செய்தார்.
"மகளிர் விழா. இரண்டே நிமிடம். பெண்மை பற்றி.
கொஞ்சம் நிலா, கொஞ்சம் நதி, கடைசியில் தாய்.
நாலு பேர் அழுதால் நல்லது, ஒய்.பி. வருகிறார்."
சரி என்றேன்.
சரி, வாய்க்குப் பழகிய சொல்.

இரவு ஷிப்டில்
படித்த பாட்டையெல்லாம் பாலத்தில் ஏற்றினேன்.
முகத்திலிருந்து நிலவை இறக்கினேன்.
கண்ணிலிருந்து மீனை.
நடையிலிருந்து அன்னத்தை.
அன்னத்தை இந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை,
எங்களிடம் இருப்பது
எலிக்காகத் தோட்டம் வளர்க்கும் ஆந்தை.
இடையிலிருந்து கொடியை, மின்னலை,
பிறகு அந்த இல்லாத இடையையே.
எல்லாம் கொட்டி வெற்று லோரியை நிறுத்தினால்
டிரைவர் சீட்டில் ஒருத்தி,
எத்தனை காலமாகவோ,
கையில் டோக்கனோடு.

கேண்டீன் காக் சலேஹா
நாசி லெமாக் மடிக்கும் வேகத்தில் பந்துன் கட்டுவாள்.
"முதல் ரெண்டு வரி நிழல்.
ஆறு, மாம்பழம், புறா, எல்லாம் ஓசைக்கு.
பிந்திய ரெண்டில்தான் விஷயம்.
நம்மை முதல் ரெண்டிலேயே நிறுத்திவிட்டார்கள், தங்கச்சி."
போன மாதம் புருஷனுக்கு அனுப்பிய பந்துனைச் சொன்னாள்,
சம்பல் கரண்டி தாளம் போட.
ஆறு இருந்தது. மாம்பழம் இருந்தது.
மூன்றாவது வரியில் அவள் இருந்தாள்.
நான்காவதில் அவன் இல்லை.

டயர் கடை சூ பெங் அதிகம் பேசமாட்டாள்.
ஜன்னலோரம் காத்திருக்கும் பெண்ணாகி
ஆண்கள் எழுதியது அவர்கள் மொழியில் கட்டுக்கட்டாக உண்டாம்.
"கண்ணீர் எல்லாம் சரியா இருக்கு.
ஜன்னலைத் துடைச்சது யாருன்னு இல்லை."
எங்களிடமும் உண்டு என்றேன்,
அவன் பிரிந்தால் வளை தானாகக் கழன்று விழும்.
அவள் என் வெறுங்கையைப் பார்த்தாள்.
இல்லை சூ பெங்,
விழவில்லை.
மகளின் செமஸ்டர் பீஸுக்கு அடகுக்கடையில் நானே கழற்றினேன்.
சோப்பு போடவேண்டியிருந்தது.

கேட்டில் நிற்கும் தில் பகதூரையும் கேட்டுவைத்தேன்.
அவன் அம்மா புல் அறுக்கும்போது பாடுவாளாம்,
தானே கட்டிய பாட்டு.
வார்த்தை?
"வார்த்தையைக் கேக்கலை அக்கா. மெட்டுதான்."
விசிலடித்துக் காட்டினான்.
மலைகளுக்கு அப்பால் ஒரு கவிஞர்,
அவர் மகன் வாயில்
வெறும் காற்றாக.
லோரி ஹாரன் அடித்தது, கேட்டைத் திறக்கப் போனான்.

டேவானில் மின்விசிறிகள் சத்தமாய்ச் சுற்றின.
மஞ்சள் தாளைப் படித்தேன்.
நிலா எங்கே என்று திருமாறன் கண்ணால் கேட்டார்.
ஒய்.பி. போனில் இருந்தார்.
யாரும் அழவில்லை.
சோப்பு வந்த இடத்தில்
பின்வரிசையில் ஒருத்தி சத்தமாகச் சிரித்துவிட்டு
வாயைப் பொத்தினாள்,
பிறகு கையை எடுத்துவிட்டாள்.
அவ்வளவுதான் விழா. மீகூன் காரம்.

இரவு லோரி இல்லாத நேரம்
பாலத்தில் நானே ஏறி நின்றேன்.
இருபது இருபதாகத் தாவும் எண் அது,
மனுஷியை நிறுக்கச் செய்ததல்ல.
கிளினிக்கில் நான் எழுபத்தொன்று.
இங்கே எண்பது.
செருப்பைக் கழற்றினேன்.
பையிலிருந்த மஞ்சள் தாள்களை எடுத்து
ஓரமாய்க் கல் வைத்துவிட்டு
மறுபடி நின்றேன்.

அப்போதும் எண்பது.