ஐந்து

ஜெலுத்தோங் பிளாட், பதினோராவது மாடி.
இரவு ஒன்று நாற்பது.
மைலோவில் ஏடு கட்டிவிட்டது.
காலை ஏழுக்கு பாயான் லெப்பாஸில் ஷிப்ட்.
காதுக்குள் ஹஸ்லினா:
"இஞ்சினை அணை. எல்லாரும். இப்போ."

அணைத்தோம்.
உடைந்த நிலவின் முதுகுக்குப் பின்னால்
நான்கு இருட்டுகள்.

வேற்றுக்கிரகத்தானுக்குக் கண் கிடையாது,
சூட்டை மோப்பம் பிடித்து வருவான்.
பதினாறு இரவு தோற்றுக் கற்றது இவ்வளவே.
ஆகவே ஒருவர் எரியவேண்டும்.
இன்று என் முறை.

வாலில் நெருப்போடு வெளியே பாய்ந்தேன்.
முப்பது கப்பல்கள் திரும்பின
கருவாட்டுக்குத் திரும்பும் ஈக்களாக.
"கிட்ட வரட்டும் லா, இன்னும் கிட்ட,"
பிறையிலிருந்து தயாநிதி எண்ணுகிறான்.
ஒன்று என்றதும் சுடவேண்டும்.
ஏழு. ஆறு.

இடி.
கடலுக்கு அந்தப் பக்கம் கரண்டு போய்
எண்ணிக்கை பாதியில் நின்றது.
அவன் கப்பல் ஆளில்லாமல்
நிலவின் நிழலைவிட்டு மெல்ல நகர்கிறது.

தாய்க்கப்பலின் வயிறு திறந்தே கிடந்தது.
ஓர் ஏவுகணை போதும்.
வெய் ஜியான் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
தயாநிதியின் வெற்றுக் கூட்டைச் சுற்றி
மூவரும் நின்றோம்,
முதுகு உள்ளே, முகம் வெளியே.

என் இடது இறக்கை போயிற்று.
ஹஸ்லினாவின் கேடயம் ஒன்பது விழுக்காடு.
ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தேன்:
பாலத்து விளக்குகளுக்கு அப்பால்
பிறை முழுக்கக் கறுப்பு.

பதினான்கு நிமிடம்.
பிறகு காதில் ஒரு கரகரப்பு.
மன்னிப்பில்லை, விசாரிப்பில்லை.
"அஞ்சு," என்றான்,
"நாலு."